வீட்டில் பிரஷர் பார்ப்பது எப்படி: பெட்டியைப் பிரிப்பதிலிருந்து டாக்டரிடம் நோட்டைக் காட்டுவது வரை

மூன்று வருடங்களுக்கு முன் அம்மாவுக்காக ஒரு பிரஷர் மிஷின் வாங்கி வந்தேன். பெட்டியைப் பிரித்த கையோடு, அடுப்படியில் நின்றவரைக் கூப்பிட்டு சோபாவில் உட்கார வைத்தேன். நைட்டிக் கைமேலேயே பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்கினேன். 164/98 வந்தது. உடனே இன்னொரு தடவை பார்த்தேன், 158. மூன்றாவது தடவை 171. "குழம்பு அடிப்பிடிக்குதுடா, விடு" என்று அம்மா பட்டையோடு எழுந்துவிட்டார். எனக்குத்தான் வியர்த்துக் கொட்டியது. தெரிந்த டாக்டர் ஒருவரைப் போனில் பிடித்து மூன்று எண்களையும் ஒப்பித்தேன். அவர் பதறவில்லை. "அம்மா உட்கார்ந்து எத்தனை நிமிஷம் ஆச்சு?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. போதாததற்குத் துணிமேல் கட்டியிருந்தேன், கை தொங்கிக்கொண்டிருந்தது, இருவரும் பேசிக்கொண்டே இருந்தோம், இடைவெளி விடாமல் மூன்று தடவை அமுக்கினேன். அடுத்த வாரம் முறைப்படி பார்த்தபோது சராசரி 138/84 வந்தது. பிரஷர் இருந்தது உண்மைதான். ஆனால் நான் பயந்த 171 அம்மாவின் பிரஷர் இல்லை, என் அவசரத்தின் பிரஷர்.

"ஒரு வாரம் வீட்டுல பார்த்து எழுதிட்டு வாங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறாரா? எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதவர்களுக்காகத்தான் இது.

அந்த இரண்டு எண்கள்

ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 70 தடவை துடிக்கிறது. துடிப்புக்கு ஏறக்குறைய 70 மில்லி என்று நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. தள்ளும் கணத்தில் தமனியின் சுவரில் ஏறும் அழுத்தம் மேல் எண். அடுத்த துடிப்புக்காக இதயம் தளர்ந்து நிரம்பும்போது குழாயில் மிச்சமிருக்கும் அழுத்தம் கீழ் எண். வயது ஏற ஏறத் தமனிகள் விறைத்துப்போவதால் பெரியவர்கள் பலருக்கு மேல் எண் மட்டும் ஏறி, கீழ் எண் சாதாரணமாகவே இருக்கும். "கீழ் பிரஷர் நார்மல்தானே" என்று அதை ஒதுக்கிவிடக் கூடாது. மேல் எண் தனியாக ஏறினாலும் பிரஷர்தான்.

மேல் எண் 120 என்றால் 120 மில்லிமீட்டர் உயரத்துக்குப் பாதரசத்தைத் தூக்கி நிறுத்தும் அழுத்தம். இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் ஒரு குதிரையின் தமனியோடு கண்ணாடிக் குழாயை இணைத்துப் பார்த்தார். ரத்தம் 8 அடி 3 அங்குலம் ஏறி நின்றது என்று 1733-இல் எழுதிவைத்தார். நம் 120-ஐ அதே மாதிரி ரத்தத்தாலேயே அளந்தால் சுமார் 5 அடி வரும். ஐந்தடிக் குழாயோடு எந்த டாக்டர் அலைய முடியும்? பாதரசம் தண்ணீரைப்போல் 13.6 மடங்கு கனம் என்பதால் குழாய் கைக்கு அடக்கமாயிற்று. கையைச் சுற்றிக் காற்றடிக்கும் பட்டையை 1896-இல் இத்தாலியின் ரிவா-ரோச்சி கொண்டுவந்தார். ஸ்டெதஸ்கோப்பை வைத்துச் சத்தம் கேட்டு இரண்டு எண்களையும் பிடிக்கும் முறையை 1905-இல் ரஷ்ய அறுவை மருத்துவர் கொரோட்கோவ் சொன்னார்.

வீட்டு மிஷின் சத்தம் கேட்பதில்லை. பட்டை காற்றால் இறுகித் தமனியை அமுக்கி மூடுகிறது. பிறகு காற்று மெல்ல இறங்கும்போது ரத்தம் பிதுங்கிப் பாயத் தொடங்குகிறது. அப்போது தமனிச் சுவர் அதிர்கிறது, அந்த அதிர்வு பட்டைக்குள் இருக்கும் காற்றிலும் தெரிகிறது. அதிர்வு எந்த அழுத்தத்தில் உச்சத்துக்குப் போகிறது என்று பிடித்து, மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியாக வைத்திருக்கும் ஒரு கணக்குப்படி மிஷின் போட்டுச் சொல்கிறது. இதைத் தெரிந்துகொண்டால் கீழே வரும் விதிகளில் பாதி தானாகப் புரியும். கை அசைந்தாலும் பேசினாலும் தசை இறுகினாலும், மிஷினுக்கு அதுவும் ஒரு அதிர்வுதான்.

மிஷின் வாங்கும்போது

மேல்கையில் கட்டுவதையே வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது பார்க்க அழகாக, பையில் போட வசதியாக இருக்கும். ஆனால் மணிக்கட்டை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி அசையாமல் பிடிக்காவிட்டால் எண் தாறுமாறாகும். மேல்கை மிகப் பருமனாக இருந்து எந்தப் பட்டையும் சேராதவர்களுக்குத்தான் அது. விரலில் மாட்டுவதைத் தொடவே வேண்டாம்.

கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது என்றேன் அல்லவா? அதனால் அந்த மாடல் முறையாகச் சோதிக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். ஸ்ட்ரைட் பிபி என்ற இணையதளத்தில் சோதனையில் தேறிய மாடல்களின் பட்டியல் இலவசமாகக் கிடைக்கிறது. கடைக்குப் போகுமுன் அதில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். புளூடூத், பேசும் குரல், கலர் திரை எல்லாம் காசுக்குத் தண்டம் என்பது என் அபிப்பிராயம். கண் மங்கிய பெரியவர்களுக்கு எண் பெரிதாகத் தெரிந்தால் போதும்.

மிஷினைவிட முக்கியமானது பட்டையின் அளவு. கடையில் இதை யாரும் சொல்வதில்லை. தையல் டேப்பை எடுத்து, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் மேல்கையின் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள். பெட்டியோடு வரும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. வரைதான். 34 செ.மீ. கைக்கு அதை இழுத்துக் கட்டினால், இல்லாத பிரஷர் இருப்பதாகக் காட்டும். ஒல்லியான பாட்டியின் கையில் பெரிய பட்டை தொளதொளவென்று கிடந்தால், இருக்கிற பிரஷர் இல்லாததாகத் தெரியும். பெரிய பட்டையைத் தனியாகவும் விற்கிறார்கள். அதே கம்பெனி, அதே மாடலுக்கு உரியதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

பார்ப்பதற்கு முந்தைய அரை மணி

காபி, டீ, சிகரெட், நடைப்பயிற்சி, படிக்கட்டு ஏற்றம் எதுவும் அந்த அரை மணிக்குள் வேண்டாம். ஒன்றுக்குப் போய்விட்டு வந்து உட்காருங்கள். சிறுநீரை அடக்கிக்கொண்டு பார்த்தால் மேல் எண் 10 வரைகூட ஏறும். வயிறு முட்டச் சாப்பிட்ட உடனேயும் பார்க்காதீர்கள். குளித்துவிட்டு ஈரத் தலையோடு, வீட்டில் யாரிடமோ சண்டை போட்டுவிட்டு, கிரிக்கெட்டின் கடைசி ஓவரில் என்று எங்கள் வீட்டில் எல்லா நேரத்திலும் பார்த்திருக்கிறோம். அவற்றில் ஒன்றும் தேறவில்லை.

உட்காரும் விதம்

சாய்மானம் உள்ள நாற்காலி வேண்டும். முதுகு நன்றாகச் சாய்ந்திருக்கட்டும், பாதம் இரண்டும் தரையில் பதியட்டும். கால்மேல் கால் போடக் கூடாது. தரையில் சம்மணம் போட்டே பழகிய பெரியவர்கள் நாற்காலியிலும் காலை மடக்கி ஏற்றிக்கொள்வார்கள், அதைக் கவனித்து இறக்கிவிடுங்கள். குள்ளமானவர்களுக்குக் கால் எட்டாவிட்டால் ஒரு மணையைப் போடலாம்.

கையை மேசைமேல் வையுங்கள், உள்ளங்கை மேலே பார்க்கட்டும். பட்டையின் நடு, நெஞ்சின் நடு உயரத்துக்கு வர வேண்டும். மேசை தாழ்வாக இருந்தால் கைக்குக் கீழே ஒரு தலையணையை வைத்து உயர்த்துங்கள். பட்டை இதய மட்டத்திலிருந்து 10 செ.மீ. கீழே இறங்கினால் எண் 7 அல்லது 8 கூடும். மாடித் தொட்டிக்கும் கீழ்வீட்டுக் குழாய்க்கும் உள்ள அதே கணக்குதான் இது. கையை அந்தரத்தில் தானே தூக்கிப் பிடித்தாலும் தசை இறுகி எண் கூடும். மேசை தாங்க வேண்டும், கை சும்மா கிடக்க வேண்டும்.

பட்டையை வெறும் தோலில் கட்டுங்கள். சட்டைக் கையை இறுக்கமாகச் சுருட்டி மேலே ஏற்றினால், அந்தச் சுருளே கையை நெரித்து வேறு குழப்பம் செய்யும். அதைவிட ஒரு கையைச் சட்டையிலிருந்து கழற்றிவிடுவது நல்லது. இறுக்கமான ரவிக்கை போடும் அம்மாக்களுக்கு, தளர்வான நைட்டியில் இருக்கும் காலை நேரமே தோது. பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரற்கடை மேலே இருக்கட்டும். குழாய் உள்ளங்கைப் பக்கமாக இறங்க வேண்டும். கட்டிய பிறகு உள்ளே இரண்டு விரல் நுழைந்தால் சரியான இறுக்கம்.

மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நிணநீர்க் கட்டிகள் எடுக்கப்பட்ட பக்கத்துக் கையிலும், டயாலிசிஸுக்காகக் குழாய் இணைத்திருக்கும் கையிலும் பட்டையைக் கட்டக் கூடாது. மற்றவர்கள் முதல் நாள் இரண்டு கையிலும் பாருங்கள். வித்தியாசம் 10-க்குள் இருந்தால் அது சகஜம். எந்தக் கையில் கூடுதலாக வருகிறதோ அதையே பிறகு எப்போதும் பயன்படுத்துங்கள். வித்தியாசம் தொடர்ந்து 15-க்கு மேல் வந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஒரு கைக்குப் போகும் தமனியில் அடைப்பு இருக்கலாம்.

ஐந்து நிமிடம், பிறகு பொத்தான்

பட்டையைக் கட்டிய பிறகு ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் கடைப்பிடிப்பீர்கள் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். டிவி வேண்டாம், போன் வேண்டாம். வாட்ஸாப்பில் குடும்பக் குழுவைப் பார்த்துக்கொண்டே ஓய்வெடுக்க முடியாது, அனுபவத்தில் சொல்கிறேன்.

பிறகு பொத்தானை அமுக்குங்கள். பட்டை இறுகும்போது பேசாதீர்கள். பக்கத்தில் நிற்பவரும் கேள்வி கேட்கக் கூடாது. பேசினாலே 10 வரை ஏறும். முதல் எண் வந்ததும் எழுதிக்கொண்டு, ஒரு நிமிடம் விட்டு, பட்டையைக் கழற்றாமல் இரண்டாவது தடவை பாருங்கள். இரண்டாவது பெரும்பாலும் கொஞ்சம் குறைவாக வரும். எது நல்ல எண்ணோ அதை மட்டும் எழுதும் ஆசை எல்லோருக்கும் உண்டு. இரண்டையும் எழுதுங்கள்.

இதயத் துடிப்பு தாளம் தப்பி ஓடுபவர்களுக்கு மிஷின் தடுமாறும், ஒவ்வொரு தடவையும் வேறு எண் வரும். அவர்கள் மூன்று தடவை பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். பல மிஷின்களில் தாளம் தப்பினால் ஒரு சின்ன இதயக் குறி மின்னும். ஒரு தடவை மின்னினால் பயமில்லை. அடிக்கடி மின்னினால் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.

ஏழு நாள் நோட்டு

காலையில் எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் பாருங்கள். ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, மாத்திரைக்கும் காபிக்கும் இட்லிக்கும் முன்னால் பார்க்க வேண்டும். மாலையிலோ இரவிலோ சாப்பாட்டுக்கு முன் ஒரு வேளை. வேளைக்கு இரண்டு தடவை, ஏழு நாள். மொத்தம் 28 எண்கள் சேரும். முதல் நாள் எண்களை அடித்துவிடுங்கள், புது மிஷினைக் கண்ட பதற்றம் அதில் கலந்திருக்கும். மிச்சமுள்ள 24-இன் மேல் எண்களைத் தனியாகவும் கீழ் எண்களைத் தனியாகவும் கூட்டி 24-ஆல் வகுத்தால் உங்கள் பிரஷர் தெரிந்துவிடும்.

மாத்திரைக்கு முன் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. நேற்றுக் காலை போட்ட மாத்திரை இன்று காலை வரை தாங்குகிறதா என்பதை அந்த எண்தான் சொல்லும். மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்து வந்த எண் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் டாக்டருக்குத் தேவையானதை அது சொல்லாது.

நோட்டில் தேதி, நேரம், மேல் எண், கீழ் எண், துடிப்பு என்று ஐந்து கட்டம் போடுங்கள். ஓரத்தில் ஒரு வரிக்கு இடம் விடுங்கள். தூக்கமில்லை, மூட்டுவலி மாத்திரை போட்டேன், நேற்றுக் கல்யாண வீட்டுச் சாப்பாடு, மாத்திரை மறந்துவிட்டேன் என்று ஏதாவது இருந்தால் அதில் எழுதலாம். மிஷினே எண்களைச் சேமிக்கும் என்றாலும் இந்த ஓரக்குறிப்பு அதில் இருக்காது. வீட்டில் இரண்டு பேர் ஒரே மிஷினில் பார்த்தால், சேமித்த எண்கள் கலந்துவிடும் தொல்லை வேறு.

ஏழு நாள் முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். என் சித்தப்பா ஒருவர் ஒரு நாளைக்குப் பத்து தடவை பார்ப்பார். எண் கூடினால் பயம், பயத்தால் எண் இன்னும் கூடும். கடைசியில் சித்தி மிஷினைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். பிரஷர் ஒரே நாளில் பல தடவை ஏறி இறங்குவது இயல்பு. தூக்கத்தில் 10 முதல் 20 சதவீதம் இறங்கும், விடிகாலையில் எழும்பும். ஒரு தனி எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மருந்து மாறினாலோ டாக்டரைப் பார்க்கப் போகுமுன்னோ மறுபடி ஒரு வாரம் பார்த்தால் போதும். டாக்டர் உங்களுக்கென்று வேறு மாதிரி சொன்னால் அதைக் கேளுங்கள்.

எண்ணைப் படிப்பது

வீட்டுச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் பிரஷர் இருக்கிறது என்று பொருள். மேல், கீழ் இரண்டில் எது தாண்டினாலும் தாண்டியதுதான். டாக்டரின் அறையில் இதே கோடு 140/90. வீட்டில் மனம் அமைதியாக இருப்பதால் கோட்டைக் கொஞ்சம் இறக்கிப் போட்டிருக்கிறார்கள். அமெரிக்கர்கள் 2017 முதல் 130/80 என்கிறார்கள். அதனால் இணையத்தில் இரண்டு விதமாகவும் பார்ப்பீர்கள், குழம்ப வேண்டாம். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு டாக்டர் இன்னும் குறைவான இலக்கு வைக்கலாம்.

டாக்டரைக் கண்டால் மட்டும் ஏறுகிறவர்கள் உண்டு. அங்கே 150, வீட்டில் 125 என்று வரும். இதற்கு நேர்மாறானவர்கள்தான் ஆபத்தில் இருப்பவர்கள். அங்கே 130, வீட்டில் தினமும் 145. "நார்மல்" என்ற சீட்டோடு திரும்பிவந்து வருடக்கணக்கில் அப்படியே இருப்பார்கள். இவர்களை வீட்டு மிஷின் இல்லாமல் கண்டுபிடிப்பது கஷ்டம்.

"எனக்குத் தலைசுத்தல், தலைவலி ஒன்னும் இல்ல, பிரஷர் எப்படி இருக்கும்?" என்று கேட்காத பெரியவரை நான் பார்த்ததில்லை. சத்தம் போடாமல் ஏறுவதுதான் பிரஷரின் குணம். உடம்பு சொல்லும் என்று காத்திருந்தால், அது பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ சிறுநீரகக் கோளாறாகவோ வந்துதான் சொல்லும்.

எழுந்து நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்று சொல்லும் முதியவர்களுக்கு ஒரு கூடுதல் சோதனை இருக்கிறது. உட்கார்ந்து பார்த்த பிறகு எழுந்து நிற்கச் சொல்லி, பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள, ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் பாருங்கள். மேல் எண் 20-ஓ கீழ் எண் 10-ஓ இறங்கினால் டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையின் அளவோ நேரமோ மாற வேண்டியிருக்கலாம். குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிகிறவர்களில் சிலரின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

அவசரம் எப்போது

மேல் எண் 180-ஐயோ கீழ் எண் 120-ஐயோ தாண்டினால், பதறாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்து மறுபடி பாருங்கள். ஆனால் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் விழுதல், வாய் கோணுதல், பேச்சுக் குளறல், பார்வை மங்கல், தாங்க முடியாத தலைவலி இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் 108-ஐக் கூப்பிட்டுவிடுங்கள். இந்த அறிகுறிகள் தென்பட்டால் ஐந்து நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம், எண் எதுவானாலும் சரி. பக்கவாத அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும். அறிகுறி எதுவும் இல்லாமல் எண் மட்டும் உயர்ந்திருந்தால், அன்றைக்கே டாக்டரைத் தொடர்பு கொண்டால் போதும்.

நீங்களாகக் கூடுதல் மாத்திரை போடாதீர்கள். நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்துச் சட்டென்று இறக்கும் பழைய வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. திடீரென்று இறங்கினால் மூளைக்கும் இதயத்துக்கும் போகும் ரத்தம் குறைந்துவிடும். கர்ப்பிணிகளுக்கு இந்தக் கணக்கே வேறு. 140/90 வந்தாலே அன்றைக்கே காட்ட வேண்டும்.

நோட்டில் காரணம் தெரியாமல் ஏறினால்

முதலில் மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். மூக்கடைப்புக்கான சில மாத்திரைகளும் அப்படித்தான். இருமலுக்கு அதிமதுரம் சப்புவது நம் வீடுகளில் வழக்கம். ஒரு நாள் இரண்டு நாள் என்றால் போகட்டும், வாரக்கணக்கில் தொடர்ந்தால் அது பொட்டாசியத்தைக் குறைத்து பிரஷரை ஏற்றும். "நாட்டு மருந்துதானே" என்று இதை டாக்டரிடம் சொல்லாமல் விடுபவர்கள் அதிகம்.

அடுத்தது உப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய், மிக்சர் இவற்றை வைத்துக்கொண்டு சாம்பாரில் மட்டும் உப்பைக் குறைப்பதில் அர்த்தமில்லை. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். அது உடம்பில் அளவுக்கு மீறித் தேங்கலாம் என்பதால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதற்கு மாற வேண்டாம்.

எண் நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. எண் நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால்தான். நிறுத்திச் சில நாளிலோ வாரத்திலோ அது பழைய இடத்துக்கே போகும், நீங்கள் பார்க்காமல் இருக்கும் நாளில் போகும். அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை சாப்பிட்டுக் கால் வீங்குகிறது என்றாலும் நீங்களாக நிறுத்தாமல் போய்ச் சொல்லுங்கள், மாற்றிக் கொடுப்பார்கள்.

டாக்டரிடம் போகும் நாள்

நோட்டை எடுத்துப் போங்கள். சராசரியை மேலே பெரிதாக எழுதி வட்டமிடுங்கள். 28 எண்களையும் படிக்க அவருக்கு நேரம் இருக்காது. முதல் தடவை போகும்போது மிஷினையும் கொண்டுபோய், அவருடைய கருவியோடு உங்களுடையதை ஒப்பிடச் சொல்லுங்கள். பிறகு வருடத்துக்கு ஒரு தடவை இப்படிச் சரிபார்த்தால் போதும். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிரஷர் பார்ப்பவர்களிடமும் இதே நோட்டைக் காட்டலாம், அவர்கள் பார்த்த எண்ணையும் அதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

மிஷினை மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். எங்கள் முதல் மிஷின் பேட்டரி கசிந்துதான் வீணானது. பட்டையின் குழாயை மிஷினைச் சுற்றி இறுக்கிச் சுருட்டாதீர்கள், மடிப்பில் விரிசல் விட்டுக் காற்று கசியும்.